ரிஜெக்ட் சாரின் மணல் வண்டி

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்கள் ரிஜெக்ட் சாரிடம் காட்டியிருந்தால், இன்றைக்கு நாம் யாருமே இருந்திருக்க மாட்டோம். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலையெல்லாம் ஒரே உயரத்தில் இல்லை, கடலோரம் நேராக இல்லை என்று சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார். கடவுளும் மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பார்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய எங்கள் அபார்ட்மென்டில் அவருக்குத் தரைத்தளம். அதற்கு நேர் மேலே நான். ஒரு தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புக் குழாயைப் பற்றவைத்த இடத்தில் தலைமுடி நுழைகிற அளவு இடைவெளி இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அது வெடிக்கப்போகிற குழாய்தான். குறி போட்டு, "ரிஜெக்ட்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுவாராம். அவர் ஓய்வு பெற்ற அன்று வெல்டர்கள் எல்லாரும் மாலை போட்டு, கேட் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார்கள். பாசத்தில் இல்லை, மனம் மாறித் திரும்பி வந்துவிடப் போகிறாரே என்ற பயத்தில். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அவருடைய மனைவி செல்வி அக்காதான்.

வேலைதான் போனதே தவிர, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் போகவில்லை. லிஃப்ட் தரைக்கு ஒரு விரற்கடை கீழே நின்றால் லிஃப்ட் கதவில் குறி. பாக்கெட்டின் ஓரம் மடங்கியிருந்தால் பால்காரரின் கூடையில் குறி. ஒரு கல்யாணப் பந்தியில் இலை நுனி கிழிந்திருக்கிறது, நரம்பு ஒடிந்திருக்கிறது என்று மாற்றி மாற்றி இலை போடச் சொன்னார். பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவப் போய்க்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் வெறும் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து நல்ல இலைக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அபார்ட்மென்ட் வாசலுக்கு நாங்கள் முறை வைத்துக் கோலம் போடுவோம். என் முறை வந்த நாளில் பனியில் இடுப்பு ஒடியக் குனிந்து ஒரு பெரிய புள்ளிக் கோலம் போட்டு, நிமிர்ந்து நானே என்னை மெச்சிக்கொண்டு மாடிக்குப் போனேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோலத்தின் பக்கத்தில் சாக்பீஸ் குறி. "இந்தப் பக்கம் ஒரு புள்ளி தள்ளி நிக்குதும்மா" என்றார் சார், ஏதோ எனக்கு உதவி செய்துவிட்டது போல. நான் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. எதிர்வீட்டுப் பெண் அந்தக் குறியும் கோலத்தில் சேர்த்திதான் என்று நினைத்து, மறுநாள் தன் வாசலிலும் அழகாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தாள்.

"எப்படிக்கா இவரோட குடித்தனம் பண்றீங்க?" என்று செல்வி அக்காவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே எங்க வீட்டு ஜன்னல் சட்டம் கோணலா இருக்குன்னு சொன்ன மனுஷன் இவரு. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. சரி, பாஸ் போட்டுட்டாருன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார் அக்கா.

அக்காவுக்கு ஊர் லால்குடி. அம்மா வீட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும். கீழே பரந்து கிடக்கும் மணலையும் நடுவில் மெலிந்து ஓடும் தண்ணீரையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவார். கல்யாணமான புதிதில், "ஒருநாள் இறங்கிப் போய் அந்தத் தண்ணியில கால் வச்சுட்டு வருவோமாங்க" என்று கேட்டிருக்கிறார். சார் பாலத்தையும் ஆற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மணல் எடுத்த பள்ளம் இருக்கும். எங்க ஆழம்னு தெரியாது. வேணாம்" என்று சொல்லிவிட்டார். அக்காவும் விட்டுவிட்டார். வருடங்கள் போயின. நினைத்தால் ஆட்டோவில் போய் இறங்குகிற தூரத்தில்தான் கொள்ளிடம் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு, இரண்டு பேருக்கும் நேரத்துக்கா பஞ்சம்? ஆனாலும் போகவில்லை.

பிறகு அக்காவின் கால் தடுமாற ஆரம்பித்தது. முதலில் செருப்பு நழுவியது, அப்புறம் படி ஏற முடியவில்லை, அப்புறம் சக்கர நாற்காலி வந்தது. கை காலை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்ளும் வியாதி என்று தென்னூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். அசைக்கத்தான் முடியாது, சூடு, குளிர், தொடுவது எல்லாம் நன்றாகத் தெரியும். கடைசியில் அது மூச்சுக்கு வரும். அதற்கு முன்னால் அவருக்கு என்ன ஆசையோ அதைச் செய்துவிடுங்கள் என்றார் அந்த டாக்டர், சாரின் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து சார் கேட்டார். அக்கா யோசிக்கவே இல்லை. "கொள்ளிடத்துத் தண்ணியில கால் வைக்கணும்" என்றார்.

அன்று ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் அவர்களைப் பார்க்கக் கீழே போனபோது, சார் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். அப்படியே திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாளே வேலையில் இறங்கினார். சக்கர நாற்காலியைக் கரையில் இறக்கித் தள்ளிப் பார்த்தோம், நான்கடிகூடப் போகாமல் மணலில் புதைந்தது. என் வீட்டுக்காரரும் வாட்ச்மேனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போகிறோம் என்றார்கள். "நடுவுல உங்க கால் இடறினா? ரிஜெக்ட்" என்றார் சார். கரையிலிருந்து தண்ணீர் வெகு தூரம், அதனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் செல்போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். பைக் மாதிரி ஹேண்டில்பார், நான்கு பருத்த டயர்கள், மணலில் வாத்து மாதிரி ஆடிக்கொண்டு போகிறது. ஏ.டி.வி. என்று பெயர். என்ஜின் இழுவை பின் சக்கரத்துக்கு மட்டும் போனால் மணலில் குழி பறித்துக்கொண்டு நின்றுவிடும், முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் மேலே வரும் என்று எனக்கு விளக்கினார். செல்வி அக்காவைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இவரே ஓட்டுவாராம்.

வையம்பட்டிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு சாகசப் பூங்காவில் அந்த வண்டிகளை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் காரில் போனோம். கொட்டகையில் கொடி படர்ந்து, ஒரு மந்தையே கிடந்தது. சார் சாக்பீஸை எடுத்தார். ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்து, நசுங்கல், துரு, விரிசல் என்று குறி போட்டுக்கொண்டே போனார். காவலுக்கு இருந்தவர் என்னிடம் வந்து, "இவரு வாங்க வந்தாரா, இல்ல பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தாராங்க?" என்று கேட்டார். எல்லாம் முடிந்ததும் சார் கையைத் தட்டிக்கொண்டு, "எதுல குறி கம்மியோ அதை ஏத்துங்க" என்றார். ரிஜெக்ட் ஆன ஒரு பொருளை அவர் வாங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அது வந்து இறங்கிய இடம் பார்க்கிங்கில் என் ஸ்கூட்டர் நிற்கும் இடம். குழந்தைகள் ஏறிக் குதித்தார்கள். அபார்ட்மென்ட் செயலாளர், இது என்ன அபார்ட்மென்டா ஒர்க் ஷாப்பா என்று நோட்டீஸ் ஒட்டினார். நோட்டீஸ் சாய்வாக ஒட்டியிருக்கிறது என்று சார் அதன் மேல் குறி போட்டார்.

தென்னூரிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். இவர் சாருக்கு நேர் எதிர் ஜாதகம். எதைக் காட்டினாலும், "ஓடும் சார்" என்பார். டயர் வழுக்கையா? ஓடும். சைலன்சர் தொங்குகிறதா? ஓடும். ஒருமுறை என் ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கவில்லை என்று கொண்டு போனேன். தட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு அதற்கும், "ஓடும்மா, எடுத்துட்டுப் போங்க" என்றார். ஓடும் என்பது எனக்கும் தெரியும், நிற்குமா என்பதுதானே கேள்வி? உலகத்தில் எதுவுமே சரியில்லை என்று நம்புகிறவரும் எல்லாமே போதும் என்று நம்புகிறவரும் ஒரே வண்டியின் அடியில் படுத்தார்கள். செல்வி அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தினமும் காலையில் டிபன் முடிந்ததும், "என்னைக் கொண்டுபோய் அந்த நாடகத்துக்கு முன்னால விடு" என்று என்னிடம் சொல்வார்.

முதல் கோளாறு, முன் சக்கரம் இழுக்கவே இல்லை. சுவிட்சைத் தட்டினால், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் பல் போய்ச் சேர வேண்டும், சேரவில்லை. சார் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். என்ஜினிலிருந்து வரும் தண்டு அசையாமல் கிடந்தது. டிஃபரன்ஷியலையே கழற்றிவிடலாம் என்று பாய் ஸ்பேனரை எடுத்தார். "முதல்ல வெளியில இருக்கிறதைப் பாருங்க. அப்புறம் உள்ள போங்க" என்று சார் தடுத்தார். பார்த்தால் சுவிட்சிலிருந்து போகும் வயரை எலி கடித்து வைத்திருந்தது. வயரை மாற்றியதும் சக்கரத்தோடு தண்டும் சுற்றியது. அக்கா கை தட்டினார். அப்போது கை தட்ட வந்தது.

இரண்டாவது, ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்னால் டக் டக் என்று சத்தம். முன் ஆக்சில் தண்டு சக்கரத்தோடு சேரும் மூட்டின் மேல் ஒரு ரப்பர் உறை உண்டு. அது கிழிந்து கிரீஸ் வெளியே போய், மணல் உள்ளே போயிருந்தது.

"ஓடும் சார். டேப் சுத்திடலாம்" என்றார் பாய்.

"ஆத்து நடுவுல மூட்டு உடைஞ்சா உங்க டேப்பு வந்து செல்வியைத் தூக்குமா?"

"இல்ல சார், சும்மா மெதுவா போயிட்டு வர்றதுக்கு..."

"ரிஜெக்ட்."

அந்தப் பக்க ஆக்சில் முழுதாகக் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்து சேர்ந்தபோது, கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளும் வேலையை அக்காவால் செய்ய முடியவில்லை. தட்டு சரிந்து போல்ட்டுகள் உருண்டன. எல்லாரும் தரையில் தேடிப் பொறுக்கினோம். மறுநாள் சார் நாற்காலியின் கைப்பிடியில் தட்டை நட்டு போட்டு இறுக்கிவிட்டார். "இப்ப நீ எழுந்து ஓடினாலும் தட்டு விழாது" என்றார். அக்கா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதாக, முன் டிஃபரன்ஷியலின் எண்ணெயை இறக்கிப் பார்த்தார்கள். தேன் மாதிரி வரவேண்டியது பால் விட்ட காபி மாதிரி வந்தது. "இதையும் சர்க்கரை பத்தலன்னு திருப்பிக் குடுங்க" என்றார் அக்கா. காற்றுப் போக்குக்கு விட்டிருந்த சின்னக் குழாயில் குளவி மண் கூடு கட்டி அடைத்துவிட்டது. காற்று போக வழியில்லாமல், பூங்காவில் ஓடிய காலத்தில் குட்டையில் இறங்கியபோதெல்லாம் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. பேரிங் எல்லாம் துரு. பாய்கூட இந்த முறை ஓடும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டார். பேரிங்கும் சீலும் புதிது போட்டார்கள்.

புதிய பேரிங் போட்டால் உள்ளே இருக்கும் இரண்டு பல்சக்கரங்களும் எவ்வளவு நெருக்கமாக உட்காரவேண்டும் என்று மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும். சார் இங்கேதான் தவறு செய்தார். அவருடைய தொழில் தெரிந்தவர் மட்டும் செய்யக்கூடிய தவறு. ஆயுள் முழுக்க இடைவெளி என்றால் ரிஜெக்ட் என்று வாழ்ந்தவர் அவர். பல்லோடு பல் சேருமிடத்தில் லேசாக ஓர் ஆட்டம் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்னொரு தகடு வைத்தார். இன்னும் ஒன்று.

"சார், கொஞ்சம் ஆட்டம் இருக்கணும் சார். சூடானா விரியும்ல, அதுக்கு இடம் வேணும்" என்றார் பாய்.

"நீங்க டேப் சுத்தச் சொன்ன ஆளு பாய். செல்வி உக்காரப் போற வண்டி இது. ஒரு நூல்கூட ஆடக் கூடாது."

பாயின் பேச்சை யார்தான் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. ஆட்டம் சுத்தமாகப் போனது. பல்சக்கரம் கையால் சுற்றவே வராத அளவுக்கு இறுகியது. சார் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

முதலில் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் அக்காவை அழைத்துப் போவது என்று ஏற்பாடு. இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டினால் சட்டப்படி தப்பு என்று, நடந்தே போகக்கூடிய கொள்ளிடக் கரைக்கு அதைக் குட்டி யானை என்கிற சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் சார். மணலில் இறக்கினார்கள். அக்காவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கரையில் நின்றோம். வண்டி ஜம்மென்று கிளம்பியது. அக்கா என் பக்கம் திரும்பி, "போகுதுடி" என்றார். பாதி மணல்கூடத் தாண்டியிருக்காது. முன்னாலிருந்து ஊளையிடுவது மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. சார் அதைப் புது பேரிங்கின் சத்தம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஓட்டினார். எண்ணெய் தீயும் நாற்றம், அப்புறம் புகை, அப்புறம் ஒரு முறிவு. முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நின்றன.

பிரித்துப் பார்த்தபோது பற்கள் நீலம் பாரித்து, மூளியாகியிருந்தன. அந்த ஜோடி எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். பாய், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சார் பார்க்கிங் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் அந்தப் பற்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, தன் சட்டையின் நெஞ்சிலேயே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டார். அக்காவின் பேச்சு அதற்குள் குழறத் தொடங்கியிருந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "பாய், அதைத் தட்டி விடுங்க" என்றார். பாய் ஓடி வந்து சாரின் சட்டையைத் தட்டித் தட்டித் துடைத்தார். சாக்பீஸ் போய், வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கிரீஸ் அப்பிக்கொண்டது. அதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் சாருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது அழுகையாகிவிட்டது.

காத்திருந்தோம். வெயில் ஏற ஏறக் கொள்ளிடத்தின் தண்ணீரும் மெலிந்துகொண்டே வந்தது. அக்காவின் கழுத்து நிற்காமல் போனது. ஒருநாள் மூச்சு முட்டி, தென்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரமும் வந்தன. இனி அவரை அதிரும் வண்டி எதிலும் ஏற்றக் கூடாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு மறுவாரம் பல்சக்கரம் வந்தது.

இனிமேல் எதற்கு என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் வாய்விட்டே சொல்லிவிட்டார். சார் பாய்க்குப் போன் போட்டார். இந்த முறை பாய்தான் தகடு வைத்தார், சார் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். பல்சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தார். லேசாக ஆடியது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "மூடுங்க பாய்" என்றார்.

வீட்டுக்குள் போய் அக்காவின் கட்டிலருகே நின்றார். நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"வண்டி ரெடி செல்வி."

"நான்தான் ரெடி இல்ல" என்றார் அக்கா. அந்தக் குழறலை எங்கள் இருவரால் மட்டும்தான் புரிந்துகொள்ள முடியும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க. தண்ணி எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க" என்றார்.

சார் விறுவிறுவென்று வெளியே போனார். தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மை வண்டியின் பின்னால் வைத்துக் கட்டினார், இரண்டு வெறும் கோணிகளைச் சுருட்டிச் செருகினார். குட்டி யானைக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று வாட்ச்மேன் கேட்டு முடிப்பதற்குள் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. நம்பர் பிளேட் இல்லாத வண்டி, பட்டப்பகலில், மேலூர் ரோட்டில். பாய் தன் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அங்கே நடந்ததைப் பாய் சொல்லித்தான் தெரியும். "டிரம்முல தண்ணி ரொம்புனதும் பின் சக்கரம் ரெண்டும் அப்படியே புதைஞ்சுதுங்க. முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். சுவிட்சைத் தட்டினாரு. முன் சக்கரம் பிடிச்சு இழுத்துது பாருங்க, ஒரு சத்தம் இல்ல, ஒரு உதறல் இல்ல. அல்லாஹ் மேல சத்தியமா சொல்றேன், எங்க பட்டறையில நான் இப்படி ஒரு வேலை பண்ணினதே இல்ல" என்றார். கோணிகளில் மணலும் வந்தது. ஆற்றில் ஒரு கைப்பிடி மணல் அள்ளினாலும் குற்றம் என்று அபார்ட்மென்ட் கூட்டத்தில் எங்களை உட்காரவைத்து வகுப்பெடுத்தவர், மணல் கடத்திக்கொண்டு வந்தார்.

பார்க்கிங்கில் மணலைக் கொட்டிப் பரப்பினோம். அக்காவை ஆக்சிஜன் இயந்திரத்தோடு நாற்காலியில் அழைத்து வந்தோம். நான் குனிந்து அவருடைய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மணலில் வைத்தேன்.

"குத்துது" என்றார் அக்கா. கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா இருக்கு."

சார் ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். கால்களை அதற்குள் வைத்தோம். அக்கா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"இது நிக்குது. ஆறு ஓடும்ல?"

அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு பொருளை அக்கா ரிஜெக்ட் செய்தார்.

சார் தாம்பாளத்தை எடுத்துவிட்டார். டிரம்மிலிருந்து வாளியில் மொண்டுவந்து, அக்காவின் ஒரு பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சொம்பால் நூல் பிடித்த மாதிரி ஊற்ற ஆரம்பித்தார். தண்ணீர் மணல் மேல் ஓடி, அக்காவின் விரல்களைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. ஊற்றுவதை அவர் ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. வாளி காலியாகக் காலியாகப் பாய் மொண்டுவந்து வைத்தார், நானும் மொண்டுவந்தேன். செயலாளர் இறங்கி வந்தார். பார்க்கிங் முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். தன் காரை எடுத்து ரோட்டில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போனார்.

"நடக்க முடிஞ்சப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும் செல்வி" என்றார் சார், ஊற்றிக்கொண்டே. "பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருக்கணும்."

"இப்ப வந்துடுச்சுல்ல" என்றார் அக்கா.

டிரம் காலியானது. போதுமா என்று சார் கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அக்கா. சார் எழுந்தார், முழங்காலில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு மறுபடி கொள்ளிடத்துக்குப் போனார். அக்கா கால்களை ஈர மணலில் வைத்தபடியே, அவர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தக் கோடை முடிவதற்குள் செல்வி அக்கா போய்விட்டார். வண்டியைச் சார் பாய்க்கே கொடுத்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு, கொஞ்ச நாள் கீழ்வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வாட்ச்மேன் மோட்டாரை நேரத்துக்குப் போடவில்லை, பால்காரர் கேட்டைச் சாத்தாமல் போனார், லிஃப்ட் இஷ்டத்துக்கு நின்றது, கேட்க ஆளில்லை. பிறகு ஒருநாள் காலையில் வாட்ச்மேனைத் திட்டும் அந்தக் குரல் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தினமும் அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் காபி. கேட்காத நாளில், இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டுகிறேன்.